விருந்தாளியாக வந்த காதி: இப்னு பதூதாவை ஊரவர் பக்கமிருந்து வாசித்தல்

இப்னு பதூதாவை நாங்கள் எப்போதும் சாட்சிக்கூட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். இலங்கை முஸ்லிம்களின் தொன்மை பற்றி யார் எழுதத் தொடங்கினாலும் இரண்டாம் மூன்றாம் பக்கத்தில் அவர் வந்துவிடுவார். 1344ஆம் ஆண்டு புத்தளத்தில் இறங்கினார், ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார், பாவாதம் மலை ஏறினார், காலியில் ஒரு முஸ்லிம் கப்பல் தலைவரின் வீட்டில் விருந்துண்டார், கொழும்பில் ஜாலஸ்தியையும் அவனோடிருந்த 500 ஹபஷிகளையும் கண்டார். கட்டுரையாளர் இவற்றைக் குறித்துக்கொண்டு, ஆகவே நாம் அன்றே இங்கிருந்தோம் என்று முடித்து, அடுத்த சாட்சியைக் கூப்பிடுவார். இதில் பிழையொன்றுமில்லை. நமது இருப்பைக் கேள்விக்குள்ளாக்குகிறவர்கள் இருக்கும்வரை சாட்சிகளும் வேண்டும்தான். ஆனால் நமக்குத் தேவையான ஒரு கேள்வியை மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறபடியால், மனுசன் மிச்சம் என்னதான் சொன்னார் எண்டு காதுகொடுத்துக் கேட்காமலே இருந்துவிட்டோம்.

இலங்கையில் இப்பகுதிகளை வாசிப்பதற்கு வசதி இல்லாமலில்லை. மாலைதீவும் இலங்கையும் வருகிற பகுதியை அல்பர்ட் கிரே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் பெயர்க்க, றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை 1882இலேயே அதை வெளியிட்டது. 1953இல் மஹ்தி ஹுஸைனின் மொழிபெயர்ப்பு பரோடாவிலிருந்து வந்தது. வாசித்த முறையில்தான் குறை. ரிஹ்லாவை ஒரு பயண நூலாகவே எடுத்து, ஒரேயொரு கேள்வியோடு அதனை அணுகிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஓர் ஊருக்குப் போகிறவர் விருந்தாளியாக இல்லாமல் அந்த ஊரவராக வாழ்ந்து பார்க்க முடியுமா?

இன்று சுற்றுலாத்துறை விற்கிற சரக்குகளில் விலை கூடியது இந்த ஆசைதான். பெரிய ஹோட்டலில் தங்காதீர்கள், ஊர் வீட்டில் தங்குங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போங்கள். இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுங்கள். அப்படிச் செய்தால் நீங்கள் உல்லாசப் பயணி அல்ல, இந்த ஊரவர் என்று அவர்கள் சொல்கிறார்கள். சும்மா வியாபாரப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. அதற்குள்ளே ஒரு நியாயமான வெட்கம் இருக்கிறது. மற்றவர் ஊரை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பும் மனிதருக்கு வருகிற வெட்கம் அது. ஆனால் அந்த வெட்கத்திற்கு மருந்து சாப்பாட்டிலும் படுக்கையிலும் இருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ரிஹ்லாவை மீண்டும் வாசித்தபோது அந்தச் சந்தேகம் கூடிற்று. ஏனென்றால் இப்னு பதூதா ஊர் வீட்டில் தங்கியதோடு நின்றவரல்ல. அந்த ஊரில் உத்தியோகம் பார்த்தார், பெண்ணெடுத்தார், பிள்ளை பெற்றார். இதற்குமேல் ஊரவராக எந்தப் பயணியால் முடியும்?

டெல்லியில் முஹம்மத் பின் துக்ளக்கின் கீழ் காதியாக இருந்தவர், சீனத்துக்குத் தூது போகப் புறப்பட்டு, கோழிக்கோட்டில் கப்பல்களை இழந்து, 1343ஆம் ஆண்டளவில் மாலைதீவை அடைகிறார். அத்தீவார் வருவோரை வரவேற்கும் முறையை அவர் சொல்லியிருப்பது நூலின் மிக அழகான இடங்களில் ஒன்று. கப்பல் கரையை நெருங்கியதும் சிறு தோணிகள் எதிரே போகும். தோணியில் வருகிற ஒவ்வொருவர் கையிலும் வெற்றிலையும் இளநீர்க்காயும் இருக்கும். தனக்குப் பிடித்த ஒருவருக்கு அவற்றைக் கொடுத்துவிட்டால் அந்த முசாபிர் அவருடைய விருந்தாளி. சொந்தக்காரரைப் போல அவருடைய சாமான்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போவார். அந்த இளநீர்க்காயின் பெயரையும் இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார்: கரன்பா. சிங்களத்தில் அது குரும்பா, நம்மட பக்கத்தில் குரும்பை. அவர் குல்புல்மாஸ் என்று எழுதுவது நாம் சம்பலுக்கு இடிக்கிற மாசிதான். இவற்றை வாசிக்கிற இலங்கை வாசகருக்கு ஒரு சந்தோஷம் வரும். வாய்க்குத் தெரிந்த ருசியை 14ஆம் நூற்றாண்டுப் புத்தகமொன்றில் காண்கிற சந்தோஷம். கேட்ட சொல்லைக் கேட்டபடி பிடித்துக்கொள்ளும் காது அந்த மனிதருக்கு இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்ததாக அவர் சொல்வது கலியாணம். வந்த கப்பல்காரர் விரும்பினால் மணம் முடிக்கலாம், மஹர் குறைவு, புறப்படும்போது தலாக் சொல்லிவிட்டுப் போகலாம், தீவுப் பெண்கள் தங்கள் நாட்டைவிட்டு வெளியே போவதேயில்லை என்கிறார். இதை ஒரு வசதியாகவே அவர் எழுதுகிறார். யாருக்கு வசதி என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. வந்தவருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. போகிற கதவும் திறந்திருக்கிறது. அந்த ஊர்ப் பெண்ணுக்கு ஒரு கதவுதான். அவரும் சுல்தானா கதீஜாவின் சிற்றன்னை உட்பட நான்கு பேரை மணந்தார். அரச குடும்பத்தில் சம்பந்தம், வஸீரின் நட்பு, கூடவே காதிப் பதவி. இந்தப் பதவியை அவராகத் தேடிப் போகவில்லை. தான் டெல்லியில் காதியாக இருந்த கதையை முதலில் மறைத்தே வைத்திருக்கிறார். யாரோ ஆள் சொல்லிக்கொடுக்க, தீவார் அவரைப் போகவிடவில்லை. ஆக ஓரளவுக்கு ஊர் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது என்பதும் உண்மை.

காதியானபின் அவர் செய்தவற்றை அவரே பெருமையோடு சொல்கிறார். ஜும்ஆவுக்கு வராதவர்களுக்கு அடி. தலாக் சொல்லப்பட்ட பெண், மறுமணம்வரை பழைய கணவன் வீட்டிலேயே இருக்கிற வழக்கம் தீவில் இருந்தது. அதற்கு உடன்பட்டிருந்த ஆண்களை அடித்துக் கடைத்தெருவால் கொண்டுபோகச் செய்தார். திருடன் ஒருவனின் கையை வெட்டத் தீர்ப்பளித்தபோது சபையிலிருந்த சிலர் மயங்கி விழுந்தார்கள். இந்த இடங்களை அவருடைய மார்க்கப் பற்றுக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்களும் உண்டு, கடும்போக்குக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் அக்கறை இல்லை. நான் பார்ப்பது மயங்கி விழுந்தவர்களை. அவர்களும் முஸ்லிம்கள்தான். அவர்களிடமும் காதிகள் இருந்திருக்கிறார்கள், பள்ளிகள் இருந்தன, குத்பாவில் ஒரு பெண்ணின் பெயர் சுல்தானாவாகச் சொல்லப்பட்டது. தங்களுடைய மார்க்கத்தைத் தங்கள் கடலுக்கும் காற்றுக்கும் ஏற்ற ஒரு நடையில் நடத்திவந்த அந்த மக்களை, வந்தவர் ஒரு திருத்தவேண்டிய படியாகவே வாசித்தார்.

பெண்கள் இடுப்புக்குக் கீழே மட்டும் துணி உடுத்தி நடமாடியது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. உடுத்த வைக்கக் கட்டளையிட்டுப் பார்த்தார், முடியவில்லை. வழக்குக்கு வருகிறவள் உடலை மூடிக்கொண்டு வரவேண்டும் என்பதோடு அவருடைய அதிகாரம் நின்றுவிட்டது. தனது அடிமைப் பெண்களுக்கு டெல்லிப் பாணியில் உடுத்தித் தலையையும் மூடவைத்தார். பழக்கமில்லாதபடியால் அது அவர்களுக்கு அழகு தரவில்லை, அவலட்சணமாகவே இருந்தது என்று அவரே எழுதுகிறார். இன்னொன்று சாப்பாட்டு விஷயம். அத்தீவுப் பெண்கள் கணவன் முன்னால் சாப்பிடுவதில்லை. தன் மனைவியரைத் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடும்படி கேட்டிருக்கிறார். சிலர் இணங்கினார்கள், சிலர் கடைசிவரை இணங்கவில்லை.

ரிஹ்லாவில் ஊர்ப் பெண்கள் பேசுகிற இடம் கிட்டத்தட்ட இல்லையென்றே சொல்லலாம். ஆனால் மறுக்கிற இடங்கள் இருக்கின்றன. உடுத்தச் சொன்னால் உடுத்தவில்லை, சாப்பிடச் சொன்னால் சாப்பிடவில்லை. எழுதுகிறவருடைய விருப்பத்திற்கு அடங்காமல் அவருடைய எழுத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பது இந்த மறுப்புகள்தான். பயண நூல்களை வாசிக்கும்போது ஊரவரைத் தேட வேண்டிய இடமும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆசிரியர் புகழ்ந்திருக்கும் இடத்தில் தேடினால் ஆசிரியரே கிடைப்பார். அவருக்கு எரிச்சல் வந்த இடத்தில் தேடினால் ஊரவர் கிடைக்கலாம்.

வஸீரோடு மனக்கசப்பு வந்து அவர் புறப்பட நினைத்தபோது தீவார் ஒரு கணக்கை முன்னால் வைத்தார்கள். மனைவியருக்குரிய மஹரைக் கொடு, வாங்கிய கடன்களைத் தீர், பிறகு போ. அவருக்கு இது அவமானமாகப் பட்டது. எனக்கோ, அத்தீவில் கழித்த காலம் முழுவதிலும் அவரை ஊரவராக நடத்திய ஒரே தருணம் இதுதான் என்று தோன்றுகிறது. விருந்தாளியிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்ட ஊரின்மீது அவருக்கு வந்த கோபம் இலேசானதல்ல. மஃபரிலிருந்து, அதாவது மதுரைச் சுல்தானிடமிருந்து, படை கொண்டுவந்து அத்தீவுகளைப் பிடிக்கலாம் என்று தளபதிகள் சிலரோடு பேசிவைத்துவிட்டுத்தான் கப்பலேறினார். சுல்தானின் மனைவியும் இவருடைய மனைவியரில் ஒருவரும் சகோதரிகள். குரும்பையும் வெற்றிலையும் கொடுத்துக் கூட்டிப்போன ஊருக்கு விருந்தாளி செய்ய நினைத்த கைம்மாறு அது. நல்லவேளை, சுல்தான் கியாதுத்தீன் மரணித்தபடியால் காரியம் நடக்கவில்லை. நமது கட்டுரைகளில் இந்தச் சம்பவம் அதிகம் எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட கப்பலைத்தான் காற்று இலங்கைப் பக்கம் கொண்டுவந்தது. இங்கே அவர் தங்கியது குறுகிய காலம். பேச்சுக்கும் பிரச்சினை இருக்கவில்லை; சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கிற்று. சக்கரவர்த்தி பல்லக்கும் ஆட்களும் கொடுத்தார், யோகிகள் நால்வரும் பிராமணர் மூவரும் வழித்துணையாகப் போனார்கள். இப்படி ஊர்வலமாகப் போகிறவர் கண்ணுக்கு என்ன தெரியும்? மாணிக்கம் தெரிந்தது. யானை நெற்றியில் மாணிக்கம், பெண்கள் கழுத்தில் மாணிக்கம், சக்கரவர்த்தியிடம் மாணிக்கக் கிண்ணம். சாதாரண சனங்கள் எதைச் சாப்பிட்டார்கள், என்ன பாஷை பேசினார்கள் எண்டு ஒண்டும் கிடைக்காது. இங்கே கிடைத்த முத்தையும் மாணிக்கத்தையும் பின்னர் மலபார்க் கடலில் கொள்ளைக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். 1355இல் பாஸ் நகரில் இப்னு ஜுஸைய் எழுத எழுத இவர் சொன்னது பெரும்பாலும் நினைவிலிருந்து எடுத்ததே. நினைவில் மின்னியது தங்கிவிட்டது, மின்னாதது போய்விட்டது.

ஆனாலும் மலையேறும் பகுதி வேறு தரமான எழுத்து. அங்கே பல்லக்கு உதவவில்லை, நடக்க வேண்டியிருந்தது. மலைக்கு இரண்டு வழிகள், பாபா வழி, மாமா வழி என்கிறார். மாமா வழி சுலபமானது, இறங்குகிறவர்கள் அதனால் இறங்குவார்கள். ஆனால் அதனாலேயே ஏறிவிட்டுத் திரும்புகிறவர் மலையைத் தரிசித்தவராகவே கணக்கில்லை என்பது அங்குள்ளவர்களின் தீர்மானம். 680 வருடங்களுக்கு முன்னரே உல்லாசப் பயணிக்கும் யாத்திரிகருக்கும் இடையில் ஊரவர் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள். பாதத்தைச் சுற்றிப் பாறையில் குடைந்த ஒன்பது குழிகளில் மற்றச் சமயத்து யாத்திரிகர்கள் பொன்னும் மணியும் போட்டுவிட்டுப் போவார்கள். கிழ்ருடைய குகைக்கு வந்துசேரும் பக்கீர்கள் அதை எடுப்பதற்கு ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடுவார்கள் என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். தங்களுக்குக் கிடைத்தது சில கற்களும் கொஞ்சப் பொன்னும், அதை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டோம் என்கிறார். அட்டைக்கடிக்கு யாத்திரிகர்கள் எலுமிச்சங்காயும் மரக்கத்தியும் கையில் வைத்திருப்பதையும் எழுதியிருக்கிறார். 300 வருடங்களுக்குப் பிறகு ரொபர்ட் நொக்ஸ் எழுதிய புத்தகத்திலும் அதே எலுமிச்சை உப்போடு வருகிறது, மரக்கத்திக்குப் பதிலாகச் சீவிய நாணல் வருகிறது. காட்டில் நடந்த எவருக்கும் அட்டை ஒரே பாடத்தைத்தான் கற்பித்திருக்கிறது.

இலங்கைப் பகுதியில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தவர் ஷெய்க் உஸ்மான் என்ற ஷீராஸ்காரர். குனகார் நகருக்கு வெளியே அவருடைய பள்ளி இருந்தது. அந்த நகரம் குருணாகலா கம்பளையா என்ற விவாதம் ஆய்வாளரிடையே இன்னும் நடக்கிறது, அது கிடக்கட்டும். ஷெய்க் மலைக்கு வழிகாட்டியாக இருந்தவர். ஒரு பசுவை அறுத்துவிட்டார். அந்நாட்டுச் சட்டப்படி அதற்குத் தண்டனை மரணம். ஆனால் மக்கள் அவர்மீது வைத்திருந்த மதிப்பினால் ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டியதோடு விட்டார்கள். விட்டுவிட்டு, அவருடைய சீவியத்துக்கு ஒரு சந்தையின் வரி வருமானத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். அரசனும் ஊராரும் அவரை வந்து கண்டு போனார்கள். அவருடைய மக்கள் வழிகாட்டித் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

மாடறுப்புப் பேச்சு ஓய்ந்து போகாத இந்த நாட்டில், இக்கதையை ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுப்பது எளிது. கொடுமை என்று ஒருவர் இழுக்கலாம், சகிப்பு என்று இன்னொருவர் இழுக்கலாம். கதை இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தண்டனை கொடுத்த கைதான் சந்தை வரியையும் கொடுத்தது. ஷெய்க் ஷீராஸுக்குத் திரும்பிப் போகவில்லை. ஊர்ச் சட்டத்துக்குத் தப்பவுமில்லை, ஊரைவிட்டுப் போகவுமில்லை. தீவார் முஸ்லிம்களை வீட்டுக்குள் தங்கவைத்து உணவு கொடுப்பார்கள், தங்கள் குடும்பத்தாரோடு பழகுவதிலும் சந்தேகப்படமாட்டார்கள், இந்தியாவில் தான் கண்டதற்கு இது மாறானது என்று இதே பகுதியில் இப்னு பதூதா எழுதுகிறார். அந்த நம்பிக்கையின் வேரை அவர் நான்கு நூற்றாண்டுக்கு முந்திய ஷெய்க் இப்னு கஃபீபின் கராமத்துக் கதையில் தேடுகிறார். யானைக்குட்டியைச் சாப்பிட்டவர்களை யானைகள் கொன்றதும், சாப்பிடாத ஷெய்க்கை முதுகில் ஏற்றிவந்து ஊரில் விட்டதுமான கதை அது. எனக்கென்னவோ, ஒரு கையும் ஒரு காலும் இல்லாமல் அதே ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்த உஸ்மானிடமும் அந்த வேர் இருந்திருக்கும் என்றே படுகிறது.

காலியில் விருந்து கொடுத்த நாகூதா இப்றாஹீமும் அப்படியான ஒருவராக இருக்கவேண்டும். அவரைப் பற்றி நூலில் உள்ளது ஏறக்குறைய ஒரு வரி. தேவிநுவரையின் பெரிய கோயிலுக்கும் அங்குள்ள பொற்சிலையின் மாணிக்கக் கண்களுக்கும் ஒதுக்கிய இடம் இப்றாஹீமுக்குக் கிடைக்கவில்லை. அவர் மனைவி எந்த ஊர்ப் பெண், பிள்ளைகள் எந்த மொழியில் அழுதார்கள், இவருக்குப் போட்ட சோற்றில் என்ன கறி என்பதெல்லாம் நமக்குத்தான் பொக்கிஷம், இப்னு பதூதாவுக்கு வியப்பில்லாத சங்கதி. சீனத்தில் வெளியே போனால் மனசுக்கு ஒவ்வாததையே காண்கிறேன் என்று வீட்டுக்குள் இருந்தவர், முஸ்லிம்களைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்டதுபோல் மகிழ்ந்தவர் அவர். தன்னைப் போன்றவரை எங்கும் தேடிப்போனார், கண்டதும் எழுத ஒன்றுமில்லாமல் போய்விட்டது. 65 வருடம் கழித்து, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட சீனக் கல்வெட்டொன்று காலிக்கு வந்து சேர்கிறது. 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கும் அக்கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் உண்டு. பாரசீகம் வாசிக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று நினைத்துத்தானே பொறித்திருப்பார்கள். ஆனால் அந்த ஆட்களில் யாரும் ரிஹ்லா எழுதவில்லை.

நொக்ஸைப் பற்றி மேலே சொன்னேன். அவர் நேர் எதிரான பயணி. 1660இல் மூதூருக்குப் பக்கத்துக் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1679இல் அரிப்புக்குத் தப்பியோடும்வரை கண்டி நாட்டில் சிறை. சிறையென்றால் மதிலும் கம்பியும் இல்லை. ஊரிலே இரு, ஊர் சோறு போடும், வெளியே மட்டும் போகாதே என்ற சிறை. தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், சுமை தூக்கி ஊரூராகப் போனார். நெல் எப்படி விதைக்கிறது, யார் யாரை எப்படி விளிக்கிறது, அரசனைப் பற்றிச் சனங்கள் எப்படி மெதுவாகக் குசுகுசுக்கிறார்கள் என்று 1681இல் வந்த அந்நூல் சொல்கிற அளவுக்கு இப்னு பதூதாவால் சொல்ல முடியவில்லை. விரும்பி வந்தவருக்குத் தெரியாதது விரும்பாமல் இருந்தவருக்குத் தெரிந்தது. அப்படியும் நொக்ஸ் ஊரவராகவில்லை. பெண்ணெடுப்பதில்லை என்று சில கூட்டாளிகளோடு தீர்மானம் பண்ணி, போகிற நாளை எண்ணிக்கொண்டே இருந்தார். அவரோடு பிடிபட்ட ஆங்கிலேயரில் வேறு சிலர் சிங்களப் பெண்களை மணந்து, பிள்ளை பெற்று, அங்கேயே இருந்துவிட்டார்கள். கண்டி நாட்டை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்த வெள்ளையர்கள் அவர்கள்தான். அவர்கள் புத்தகம் எழுதவில்லை. அவர்களுக்கு அது சொல்லவேண்டிய செய்தியாக இருந்திராது.

பயண இலக்கியம் என்ற வகையே போய்விட்டவர்களின் இலக்கியம் என்ற முடிவுக்கு இதனால் வரவேண்டியிருக்கிறது. தங்கிவிட்டவர்களுக்கு வேறு எழுத்துகள் இருந்தன: கபுறுக் கல், காணி உறுதி, பள்ளிக் கணக்கு, கலியாணப் பதிவு. நமது ஆய்வாளர்கள் ரிஹ்லாவுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அந்தக் காகிதங்களுக்குக் கொடுத்திருந்தால் இப்றாஹீமைப் பற்றி இல்லாவிட்டாலும் அவருடைய பேரன்மாரைப் பற்றியாவது இரண்டாவது வரியொன்று கிடைத்திருக்கலாம்.

நாமும் இப்போது நிறையப் பயணக் கட்டுரை எழுதுகிறோம். உம்றாவோடு துருக்கி, இஸ்தான்புலோடு பூர்ஸா, அல்லது கோலாலம்பூர், லங்காவி. இவற்றில் பெரும்பாலானவை ஹலால் சாப்பாடு எங்கே கிடைத்தது, பள்ளி எவ்வளவு பெரியது, அங்குள்ள முஸ்லிம்கள் நம்மைக் கண்டு எப்படி மகிழ்ந்தார்கள் என்பதோடு முடிகின்றன. அந்த ஊரவர் எழுத்தாளருக்கு ஒரு விஷயத்திலாவது மறுப்புச் சொன்னார் என்பதை நான் வாசித்த ஞாபகம் குறைவு. மாணிக்கத்துக்குப் பதிலாக விளக்கலங்காரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

விருந்து கொடுக்கிற பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மாலைதீவின் முதலாவது உல்லாச விடுதி 1972இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் குரும்பா. தோணியில் எடுத்துப்போய்க் கொடுத்த காய் விடுதிக்குப் பெயராகிவிட்டது. அதன்பிறகு நெடுங்காலம் ஊர் இல்லாத தீவுகளில்தான் பயணிகளை வைத்தார்கள். வந்தவர் ஊரவரைக் காணாமலே திரும்பலாம். 2010ஐ அண்டிய வருடங்களில் சனங்கள் வாழும் தீவுகளிலும் விருந்தகங்கள் நடத்த அனுமதி வந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் வீட்டுக்கு மேல் மாடி எழுப்பி அறைகள் கட்டினார்கள். ஊரவரைப்போல வாழலாம் வாருங்கள் என்பதுதான் இப்போது அங்கும் அழைப்பு. அந்தத் தீவுகளில் மது இல்லை. குளிப்பதற்கென்று ஒரு கரையை மறைப்பு வைத்து ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் உடலை மூடிக்கொண்டு நடக்கும்படி பயணிகளுக்கு அறிவிப்புப் பலகை இருக்கிறது. அன்றைக்கு வந்தவர் ஊர்ப் பெண்களை உடுத்தச் சொன்னார், இன்றைக்கு ஊர் வந்தவர்களை உடுத்தச் சொல்கிறது. இதை வாசித்து யாரும் சிரிக்கலாம். எனக்குத் தெரிவது வேறு: கட்டளை போடும் உரிமை காதியின் கையிலிருந்து ஊரின் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் வாடகை வரவேண்டுமென்பதால் மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கரையை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கிறது.

உல்லையில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிற ஒருவரிடம், தங்க வருகிறவர்கள் எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எல்லாம் நல்ல பிள்ளைகள்தான். நம்மட சாப்பாடுதான் வேணும் எண்டு கேட்பாங்க, உறைப்பை மட்டும் குறைக்கச் சொல்லுவாங்க. வாப்பா மௌத்தான அண்டைக்கும் மூணு பேர் மேல தங்கியிருந்தாங்க. வீடு நிறையச் சனம். அதுகளுக்கு என்ன செய்யிற எண்டு விளங்கல்ல, பாவம். அடுத்த நாள் காலையிலயே காசைக் கட்டிட்டுப் போயிட்டாங்க." அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

மதுரை, மலபார் என்று சுற்றியபின் இப்னு பதூதா இன்னொரு தடவை மாலைதீவுக்குப் போனார். முன்னர் புறப்படும்போது கர்ப்பமாயிருந்த மனைவி ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றிருந்தாள். பிள்ளைக்கு இரண்டு வயதளவில். கூட்டிப்போகலாமா என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். பார்த்தபின், தாயோடும் அந்த மக்களோடும் இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்று அவருக்குத் தோன்றிற்று, திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நான்கு சொல் இரக்கத்துக்காக அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். ஐந்து நாள் தங்கிவிட்டு வங்காளத்துக்குக் கப்பலேறினார். அந்தப் பையனுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று ரிஹ்லா சொல்லவில்லை. அவன் திவேஹி பேசி, மாசி தின்று, கப்பல் வந்தால் குரும்பையோடு தோணியில் போகிற வயதுக்கு வந்திருப்பான்.